நாளையும் முளைக்கும் புல்

நுழையும்முன்

உடற்பயிற்சிக்கு அளவுகோல் உண்டு. கல்விக்குத் தேர்வு உண்டு. உள்ளத்தைப் பண்படுத்தும் பயிற்சிக்கு அத்தகைய அளவுகோல் எதுவும் இல்லை. அளந்து காட்ட இயலாத ஒன்றை ஆண்டுக்கணக்கில் விடாது செய்வோர் எதனைப் பற்றிக்கொண்டு செய்கின்றனர்? ஒரு துடைப்பமும் ஓர் உழவாரமும் ஓர் அடுப்பும் ஒரு விளக்கும் இவ்வினாவுக்குள் இட்டுச் செல்கின்றன.

திருவதிகை வாயில்

கடலூர் மாவட்டத்தில், பண்ணுருட்டியை ஒட்டிக் கெடிலம் ஆற்றங்கரையில் அமைந்தது திருவதிகை வீரட்டானம். தேவாரம் பாடிய மூவருள் ஒருவரான திருநாவுக்கரசரின் வரலாற்றோடு பிரிக்க இயலாதபடி இணைந்த தலம் இது. சூலை நோயால் துடித்த அவர் இக்கோயிலுக்கு வந்து, தம் முதல் பதிகத்தைப் பாடி, நோய் நீங்கப் பெற்றதைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. தமிழ் கற்றோர் பலரும் அறிந்த நிகழ்ச்சி அது. அந்நாளுக்கு முன் அதே கோயில் வாயிலில் ஓசையின்றிக் கழிந்த வைகறைகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வைகறைகள் அவருடைய தமக்கையார் திலகவதியாருக்கு உரியவை.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மூத்த மகளாகப் பிறந்தவர் திலகவதியார். இளையவர் மருள்நீக்கியார், பிற்காலத் திருநாவுக்கரசர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் அரசன் ஆணையை ஏற்றுப் போருக்குச் சென்றார். அவர் திரும்பும் முன்பே தந்தை நோயுற்று இறந்தார். தாயும் உடன் மறைந்தார். அத்துயர் ஆறுவதற்குள் கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி வந்து சேர்ந்தது. மணமகனாகத் தம் மனத்தில் ஏற்றவர் சென்ற இடத்துக்கே தாமும் செல்வதென அவர் துணிந்தார். சிறுவரான தம்பி அவர் காலடியில் விழுந்து அழுதார். பெற்றோரை இழந்த தமக்கு எஞ்சியிருக்கும் துணை அவர் ஒருவரே என்றும், அவர் உயிர் துறந்தால் அதற்குமுன் தம் உயிர் போய்விடும் என்றும் அரற்றினார். தம்பி வாழ வேண்டும் என்பதற்காகத் தமக்கை உயிரைத் தாங்கிக்கொண்டார்.

அந்தத் தம்பி வளர்ந்தார். உலகின் நிலையாமையை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தல்களும் அமைத்தார். உண்மை நெறி எதுவெனத் தேடினார். சமண சமயத்தைச் சார்ந்தார். அச்சமயத்தின் நூல்களைத் துறைபோகக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமைநிலையையும் எய்தினார். அவருடைய தேடலில் குறை காண்பதற்கு எதுவுமில்லை. எனினும், எவர்பொருட்டு உயிர் வைத்திருந்தாரோ அவரே பிரிந்து சென்ற பின்னர், ஒரு பெண்ணுக்கு வீட்டில் என்ன எஞ்சியிருக்கும்? திலகவதியார் திருவாமூரை நீங்கித் திருவதிகைக்கு வந்தார். அங்கு ஒரு மடத்தை அமைத்துக்கொண்டு திருப்பணி செய்யத் தொடங்கினார்.

அவர் செய்த பணிகள் எளியவை. பொழுது புலரும் முன் எழுவது, கோயில் முற்றத்தைத் துடைப்பத்தால் பெருக்குவது, ஆனின் சாணத்தால் மெழுகுவது, மலர் கொய்து மாலை தொடுப்பது. தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்று இறைவனிடம் பலமுறை விண்ணப்பித்ததாகச் சேக்கிழார் கூறுகிறார். ‘பலமுறை’ என்பதற்குள் எத்தனை ஆண்டுகள் அடங்கியுள்ளன என்பதைக் கற்பவரே உய்த்துணர வேண்டும். தேரோட்டம், போர், வாதம், அற்புதம் எனப் பரந்து விரியும் ஒரு பெருங்காப்பியத்தில் முற்றம் பெருக்கும் ஒரு பெண்ணுக்கு இடம் தந்த புலவரின் பார்வை போற்றுதற்குரியது.

பெருக்குதல் என்னும் வேலையின் இயல்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். வைகறையில் தூய்மையான முற்றத்தில் நண்பகலுக்குள் சருகு விழும். காற்று புழுதியைக் கொண்டுவரும். வழிபட வந்தோரின் காலடி மண்ணைச் சேர்க்கும். மறுநாள் வைகறையில் முற்றம் நேற்றிருந்த நிலையிலேயே காத்திருக்கும். ஓராண்டு பெருக்கியவருக்கும் ஒருநாள் பெருக்கியவருக்கும் கண்முன் கிடக்கும் சருகு ஒன்றே. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்று ஒரு பழமொழி உண்டு. விடாமுயற்சியைப் பற்றிப் பேசுவோர் இதனையே பெரிதும் எடுத்தாள்வர். இங்கோ எந்த அம்மியும் நகர்வதில்லை. நகராத ஒன்றின்முன் நாள்தோறும் குனிவதற்கு வேறொரு வகைப் பொறுமை வேண்டும்.

இருவகை வேலைகள்

மனிதர் செய்யும் வேலைகளில் இருவகை உண்டு. கிணறு வெட்டுவது, சுவர் எழுப்புவது, நூல் எழுதுவது ஆகியவை ஒருவகை. இவற்றில் ஒவ்வொரு நாளின் உழைப்பும் முந்தைய நாளின் உழைப்பின்மேல் ஏறி நிற்கும். ஒருநாள் வேலை முடியும். முடிந்த வேலையைச் சுட்டிக்காட்டலாம். பெருக்குவது, சமைப்பது, பாத்திரம் துலக்குவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, நோயாளிக்குப் பணிவிடை செய்வது ஆகியவை மற்றொரு வகை. இவை முடிவதில்லை, அன்றன்று செய்து அன்றன்று கரைந்துபோவன. உலகம் முன்னதற்குப் பெயரும் கல்வெட்டும் தருகிறது. பின்னது ஒருநாள் நின்றுபோனால்தான் அது நடந்துகொண்டிருந்தது என்பதே பலருக்குத் தெரியவருகிறது. வீடுகளில் இவ்வேலை நெடுங்காலமாகப் பெண்கள்மீதே சுமத்தப்பட்டு வந்துள்ளது என்பதையும், அதனாலேயே அது எளிதில் மதிக்கப்படாமற்போனது என்பதையும் இவ்விடத்தில் மறத்தல் கூடாது.

ஆன்மிகப் பயிற்சியை மேற்கொள்வோர் பலர் அதனை முதல்வகை வேலையாகவே கருதித் தொடங்குகின்றனர். இத்தனை நாள் தியானம் செய்தால் இத்தகைய அமைதி கிட்டும், இத்தனை முறை ஓதினால் இந்தப் படியை எய்தலாம் என்று கணக்கிடுகின்றனர். இருபத்தொரு நாளில் மனத்தை மாற்றித் தருவதாக உறுதியளிக்கும் விளம்பரங்களும், தியானம் செய்த நாள்களைத் தொடராக எண்ணிக் காட்டும் கைப்பேசிச் செயலிகளும் இக்கணக்கையே வளர்க்கின்றன. மனமோ சுவர் அன்று. அது முற்றத்தை ஒத்தது. இன்று அடக்கிய சினம் நாளை வேறொரு காரணத்தைப் பற்றிக்கொண்டு எழும். பத்தாண்டுகளுக்கு முன் வென்றுவிட்டதாக எண்ணிய பொறாமை, நண்பன் ஒருவன் பெற்ற பாராட்டைக் கேட்ட நொடியில் தலைகாட்டும். கட்டடம் கட்டுவதாக எண்ணியிருந்தவர் இதைக் கண்டு திகைக்கிறார். செய்ததெல்லாம் வீண் என்று கைவிடுகிறார். பெருக்குவதாக அறிந்தவருக்குத் திகைப்பு இல்லை. துடைப்பம் மூலையில்தான் இருக்கிறது.

தியானத்தில் அமரும் எவரும் முதலில் அறிவது மனம் ஓரிடத்தில் நில்லாது என்பதைத்தான். மூச்சில் வைத்த கவனம் சில நொடிகளில் கடைத்தெருவுக்குப் போய்விடும். போனதை உணர்ந்து திரும்ப அழைத்துவந்தால் மீண்டும் போகும். அரைமணி நேரத்தில் ஐம்பது முறை போனால் ஐம்பது தோல்விகள் என்று புதியவர் கணக்கிடுவார். ஐம்பது முறை அழைத்துவந்தோமே என்று எண்ணுவது அவருக்குத் தோன்றாது. உண்மையில் பயிற்சி என்பது அழைத்துவருவதில்தான் உள்ளது. மனம் போகவே இல்லையென்றால் அழைத்துவருவதற்கு வாய்ப்பே இராது.

பதஞ்சலியின் யோக சூத்திரம் பயிற்சி உறுதிப்படுவதற்கு மூன்றைக் கூறுகிறது: அது நெடுங்காலம் நிகழ வேண்டும், இடையறாது நிகழ வேண்டும், மதிப்புணர்வோடு நிகழ வேண்டும். முதல் இரண்டையும் பேசுவோர் பலர். மூன்றாவதைப் பேசுவோர் குறைவு. நெடுங்காலமும் இடையறாமையும் மட்டுமே போதுமெனில் செக்குமாடும் ஞானம் பெற்றிருக்கும். வெறுப்போடு பெருக்கிய முற்றமும் தூய்மையாகத்தான் இருக்கும். பெருக்கியவரின் உள்ளத்தில் மட்டும் அத்தூய்மை படியாது.

ஒரு வைகறை

நெடும் பயிற்சி எதற்கு, நொடிப்பொழுதில் அருள் பெற்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மதுரையில் 1896ஆம் ஆண்டு பதினாறு வயது மாணவர் ஒருவர் திடீரென எழுந்த மரண அச்சத்தை எதிர்கொண்டு, சிறிது நேரத்திலேயே தாம் உடல் அல்லர் என்னும் தெளிவை எய்தினார். பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பட்டவர் அவர். ஆனால், அவ்வாண்டே திருவண்ணாமலையை அடைந்தவர் 1950இல் மறையும்வரை அம்மலையடியை விட்டு நீங்கவில்லை. விரூபாட்ச குகையில் மட்டும் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் தங்கினார். ஆசிரமம் வளர்ந்து, தொலைதூர நாடுகளிலிருந்தும் மக்கள் தேடிவந்த காலத்திலும், விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கண நேரத்துத் தெளிவுக்குப் பின்னர் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலை வேளைகள் இருந்தன.

திருநாவுக்கரசரின் வரலாறு இக்கேள்விக்கு வேறொரு விடையைத் தருகிறது. சூலை நோய் தாங்காமல் தருமசேனர் தம் சமையற்காரரைத் தமக்கையிடம் அனுப்பினார். தாம் அங்கு வருவதற்கில்லை என்று திலகவதியார் மறுமொழி சொல்லி அனுப்பினார். ஏங்கிக் காத்திருந்த ஒருவர் தம்பியின் நோய்ச்செய்தி கேட்டும் ஓடவில்லை என்பது கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். பொறுமைக்குள் இருக்கும் உறுதி இத்தகையதுதான். அது தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை. இரவோடு இரவாகத் தம்பியே திருவதிகை மடத்துக்கு வந்து அடிபணிந்தார். தமக்கையார் திருநீறு அளித்தார்.

அதன்பின் நடந்தது நுட்பமானது. திருப்பள்ளியெழுச்சிக் காலம் நெருங்கியது. திலகவதியார் வழக்கம்போலத் துடைப்பத்தையும் மெழுகுவதற்கு வேண்டியவற்றையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார் என்கிறார் சேக்கிழார். எத்தனையோ ஆண்டுகளாக எந்த நாளுக்காகக் காத்திருந்தாரோ அந்த நாள் வந்துவிட்டது. அன்றும் அவர் கையில் துடைப்பம் இருந்தது. அன்று ஒருநாள் முற்றம் பெருக்கப்படாமல் கிடந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

திருநாவுக்கரசர் ஒரே வைகறையில் மாறினார் என்பது உண்மையே. அந்த வைகறையை வேறொருவர் ஆண்டுக்கணக்கில் பெருக்கி வைத்திருந்தார் என்பதும் உண்மை. நொடியில் நிகழ்ந்ததாகத் தோன்றும் மாற்றங்கள் பலவற்றின் பின்னால், பெயர் வெளிப்படாத ஒருவரின் நெடுநாள் உழைப்பு இருக்கக்கூடும்.

உழவாரம்

தமக்கையின் துடைப்பம் தம்பியின் கையில் உழவாரமாக மாறியது. உழவாரம் என்பது புல்லையும் முள்செடிகளையும் செதுக்க உதவும் சிறு கருவி. தமிழகச் சிவன் கோயில்களில் நாயன்மார் வரிசையில் நிற்கும் திருநாவுக்கரசரின் திருவுருவை அடையாளம் காண்பதற்கு அவர் தோளில் சாய்ந்திருக்கும் அக்கருவியே போதும். மன்னனின் ஆணையை அஞ்சாது எதிர்த்தவர் அவர். ஆயிரக்கணக்கில் பாடல் இயற்றியவர். சிற்பிகள் அவருக்குத் தந்த அடையாளமோ ஏடும் எழுத்தாணியும் அன்று. புல் செதுக்கும் கருவியையே தந்தனர். மக்கள் நினைவில் எது ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு இது சான்று.

கோயில் திருமுற்றங்களிலும் வீதிகளிலும் முளைத்த புல்லைச் செதுக்கியபடியே அவர் ஊர் ஊராக நடந்தார். புல்லின் இயல்பை உழவர் நன்கு அறிவர். வேரோடு களைந்தாலும் ஒரு மழைக்குப்பின் மீண்டும் பச்சை காட்டும். ஐப்பசியில் செதுக்கிய முற்றம் கார்த்திகையில் மீண்டும் புல் மூடிக் கிடக்கும். அவர் ஓரூரை விட்டு அடுத்த ஊருக்குச் செல்லும்போது, பின்னால் விட்டுவந்த ஊரில் புல் முளைக்கத் தொடங்கியிருக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். இருந்தும் செதுக்கினார்.

அவர் வாழ்வின் இறுதிப் பகுதி திருப்புகலூரில் கழிந்தது. அங்கு அவர் உழவாரப் பணி செய்துகொண்டிருந்தபோது கருவி பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின என்றும், அவற்றைப் பருக்கைக் கற்களோடு கற்களாகக் கருதி உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. இதனை ஆசை துறந்தமைக்கான சான்றாகவே பெரும்பாலோர் விளக்குவர். அவ்விளக்கம் சரியானதே. ஆயினும் வேறொன்றும் அதில் உண்டு. புல்லைச் செதுக்கிக்கொண்டிருப்பவருக்குப் பொன்னும் ஒரு தடைதான். பணி செய்யும் கையை அது நிறுத்திவிடும். பயிற்சியின் வழியில் இடையிடையே கிட்டும் இன்பங்களும் இத்தகையனவே. ஒருநாள் தியானத்தில் அரிய அமைதி கிட்டினால், மறுநாள் அமர்பவர் தியானத்தை விட்டுவிட்டு நேற்றைய அமைதியைத் தேடத் தொடங்கிவிடுகிறார். கிட்டாத இன்பத்தால் பயிற்சியைக் கைவிட்டோர் பலர். கிட்டிய இன்பத்தால் அதை இழந்தோரும் உண்டு.

வடலூரின் அடுப்பு

திருவதிகை அமைந்த அதே கடலூர் மாவட்டத்தில்தான் வடலூரும் உள்ளது. திருநாவுக்கரசருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார் இராமலிங்க அடிகள். இளமையில் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்தபோது அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து சென்று வழிபடுவதைப் பல்லாண்டுகள் வழக்கமாகக் கொண்டிருந்தார். பின்னர்ச் சென்னையை நீங்கிக் கருங்குழியில் தங்கினார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்தனர்.

அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருவோர் எவராயினும் சாதி, சமயம் கேளாது அங்கு உணவளிக்கப்படுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எரியும் நெருப்பு என்று சொல்லிவிடுவது எளிது. அச்சொல்லுக்குள் அடங்கிய வேலையை எண்ணிப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். மழைக்காலத்தில் விறகு நனையும்; வெயிற்காலத்தில் கொதிக்கும் உலையருகே நிற்பதே தண்டனையாகும். நள்ளிரவில் தணல் தணியாமல் ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். அரிசியைக் கொடுப்போர் ஓராண்டு மிகுவர், ஓராண்டு குறைவர். அடிகள் 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறைக்குள் சென்று மறைந்தார். அதன்பின் மூன்றாண்டுகளுக்குள் தென்னகமெங்கும் தாது வருடப் பஞ்சம் பரவியது. எத்தனையோ வீடுகளின் அடுப்பில் பூனை உறங்கிய காலம் அது. அந்த ஆண்டுகளையும் வடலூர் நெருப்பு கடந்து வந்தது. அதைக் காத்தவர்களின் பெயர்களில் மிகப்பல எந்த நூலிலும் இல்லை.

இவ்வடுப்பின் சிறப்பு அது அணையாதிருப்பது மட்டுமே எனில், அதனை வியப்புக்குரிய காட்சிப்பொருள்களோடு வைத்துவிடலாம். நெடுநாள் பழக்கத்துக்கு ஓர் இடர் உண்டு. செய்வதன் காரணம் மறந்து செயல் மட்டும் எஞ்சிவிடும். நாவு ஓதும், நெஞ்சு உறங்கும். வடலூரில் இவ்விடரைத் தடுப்பது பசி. அடுப்பின் மறுபுறம் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய மனிதர் இலைமுன் அமர்கிறார். நேற்றைய சோறு அவருடைய இன்றைய பசிக்கு உதவாது. உயிர்களிடத்து இரக்கம் கொள்வதையே இறையருளைத் திறக்கும் வழியாக அடிகள் வகுத்தது ஏன் என்பதை அந்த இலையின்முன் நின்றால் உணரலாம். தன் முன்னேற்றத்தையே நோக்கிச் செய்யும் பயிற்சி விரைவில் சலித்துவிடுகிறது. திலகவதியார் சலியாதிருந்ததற்கு ஒரு தம்பி காரணம். வடலூர் அடுப்பு சலியாதிருப்பதற்கு வாயிலில் நிற்கும் விருந்தினர் காரணம்.

அடிகள் எழுதிய உரைநடைப் பகுதிகளில் ‘நித்திய கரும விதி’ என்பது ஒன்று. மெய்ப்பொருளின் உச்சியைப் பாடிய அருளாளர், அப்பகுதியில் விடியுமுன் எழுவது, பல் துலக்குவது, குளிப்பது, அளவோடு உண்பது, உறங்குவது ஆகியவற்றின் முறைகளை நிதானமாக எடுத்துரைக்கிறார். அருட்பாவின் பெருக்கில் திளைத்தவர்க்கு இது சிறுசெய்தியாகத் தோன்றக்கூடும். ஒருநாளைச் செம்மையாக வாழ்வதற்கு வழி சொல்லாமல் பிறவாப் பெருநிலைக்கு வழி சொல்வதில் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

தம் காலத்தவர் தம் நெறியை முழுமையாக ஏற்கவில்லை என்னும் ஆதங்கம் அவருக்கு இருந்தது. அந்த வருத்தத்தை அவர் மறைக்கவும் இல்லை. பொறுமை உடையவர் வருந்தவே மாட்டார் என்று கருதுவது தவறு. வருந்திய நாள்களிலும் தருமச்சாலையில் உலை கொதித்தது.

அணைந்த விளக்கு

இடையறாமையைப் பற்றிப் பேசும்போது எழும் அச்சம் ஒன்று உண்டு: அறுந்துவிட்டால்? ஒருநாள் தவறினால், ஒரு மாதம் தவறினால், நோயாலோ துயராலோ ஓராண்டே தவறினால், அதுவரை செய்தவற்றின் நிலை என்ன? தொடர் எண்ணிக்கை காட்டும் செயலிகள் இதற்குத் தரும் விடை இரக்கமற்றது. எண்ணை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லும். இவ்வச்சத்துக்குச் சப்பான் நாட்டு மலைக்கோயில் ஒன்றின் வரலாற்றில் வேறொரு விடை கிடைக்கிறது.

கியோத்தோ நகரின் வடகிழக்கே உயர்ந்து நிற்பது ஹியே மலை. சைச்சோ என்னும் பௌத்தத் துறவி 788ஆம் ஆண்டு அங்குச் சிறு கோயில் ஒன்றை நிறுவினார். அவர் ஏற்றிய விளக்கு ‘அணையாத அறவிளக்கு’ என்னும் பொருள்தரும் பெயரோடு அம்மலையின் முதன்மைக் கோயிலில் எரிகிறது. துறவிகள் காலையும் மாலையும் எண்ணெய் வார்க்கின்றனர். சப்பானிய மொழியில் கவனக்குறைவைக் குறிக்கும் ‘யுடான்’ என்னும் சொல்லை எண்ணெய், அறுதல் என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளால் எழுதுவர். அச்சொல் இவ்விளக்கிலிருந்தே பிறந்தது என்று சொல்வோரும் உண்டு.

ஆனால், அவ்விளக்கு ஒருமுறை அணைந்தது. 1571ஆம் ஆண்டு ஓடா நோபுனாகா என்னும் போர்த்தலைவரின் படைகள் ஹியே மலையைச் சூழ்ந்து கோயில்களுக்குத் தீ வைத்தன. துறவிகளும் மலைவாழ் மக்களும் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர். விளக்கைக் காக்க ஆள் இல்லை. விளக்கு இருந்த கோயிலும் இல்லை. எட்டு நூற்றாண்டுகளாகப் பேணிய சுடர் அன்று மறைந்தது.

நெடுங்காலத்துக்கு முன்பே அச்சுடரிலிருந்து ஏற்றிய ஒரு விளக்கு, நாட்டின் வடபகுதியில் யாமகத்தா என்னும் இடத்துள்ள ரிஷாக்குஜிக் கோயிலில் எரிந்துகொண்டிருந்தது. அக்கோயிலும் தன் காலத்தில் அழிவைக் கண்டது. அதன் விளக்கும் ஒருமுறை அணைந்து, ஹியே மலையிலிருந்து மீண்டும் சுடர் பெற்றுச் சென்றது. இப்போது ஹியே மலைக்குத் தேவை வந்தது. தான் கொடுத்த நெருப்பையே அது திரும்பப் பெற்றது. முதன்மைக் கோயில் 1642இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. அணைந்த வரலாற்றை அம்மலையினர் மறைப்பதில்லை; ஆயிரத்து இருநூறு ஆண்டுச் சுடர் என்று சொல்லவும் தயங்குவதில்லை. இரண்டும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை.

அம்மலையின் ஒரு பகுதியில் சைச்சோவின் நினைவிடம் உள்ளது. அங்குப் பணிபுரியும் துறவி பன்னிரண்டு ஆண்டுகள் மலையை விட்டு இறங்காமல் தங்கும் நோன்பை ஏற்கிறார். சைச்சோ உயிரோடிருப்பதாகவே கருதி அவருக்கு நாள்தோறும் உணவு படைக்கிறார், வழிபடுகிறார், எஞ்சிய பொழுதில் முற்றத்தைப் பெருக்குகிறார். ஓர் இலையும் கிடத்தல் கூடாது என்பது அவ்விடத்து ஒழுங்கு. சுற்றிலும் நெடிய மரங்கள். இலையுதிர் காலத்தில் பெருக்கி முடித்துத் திரும்பிப் பார்க்கும்போதே முற்றம் மீண்டும் நிறைந்திருக்கும். அப்பணிக்கு அம்மலையில் வழங்கும் பெயர் ‘பெருக்கும் நரகம்’ என்பதாகும். துறவிகளின் நகைச்சுவை உணர்வு அப்பெயரில் தெரிகிறது. பன்னிரண்டாம் ஆண்டின் கடைசி நாளில் அவர் துடைப்பத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். அவர் பெருக்கத் தொடங்குகிறார்.